உருக்கப்பட்ட தேவதை: எர்ன்ஸ்ட் பார்லாக்கின் ஊர்களில்

திங்கள், ஹாம்பர்க்

எர்ன்ஸ்ட் பார்லாக் என்ற பெயரைத் தமிழில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஜெர்மன் சிற்பி. பெரும்பாலும் மரத்தில் செதுக்கியவர், நாடகங்களும் எழுதியவர். 1870இல் பிறந்து 1938இல் இறந்தார். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக ஜெர்மனியின் சில ஊர்கள் அவரிடம் நினைவுச்சின்னம் கேட்டு வாங்கின. ஹிட்லர் வந்ததும் அதே ஊர்கள் ஒவ்வொன்றாக அவற்றைப் பிடுங்கி எறிந்தன. ஹிட்லர் ஒழிந்த பிறகு, கிடைத்ததைத் தேடி எடுத்தும் கிடைக்காததைத் திரும்பச் செய்தும் மீண்டும் வைத்துக்கொண்டன. அந்த ஊர்களைப் போய்ப் பார்ப்பதுதான் இந்தப் பயணம். தம்பி ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறான், அதனால் தொடக்கம் இங்கிருந்து.

நகராட்சி மாளிகைக்கு எதிரே, ஆல்ஸ்டர் நீர்க்கரையில் 21 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைக் கற்பலகை நிற்கிறது. ஒரு பக்கத்தில் எழுத்து மட்டும்: இந்நகரின் நாற்பதாயிரம் மகன்கள் உங்களுக்காக உயிர்விட்டார்கள், 1914–1918. மறுபக்கத்தில் பார்லாக்கின் புடைப்புச் சிற்பம். ஒரு தாய், அவளோடு ஒட்டி நிற்கும் ஒரு குழந்தை. துப்பாக்கி இல்லை, கொடி இல்லை, சிப்பாயே இல்லை. 1931இல் திறந்தபோது வலதுசாரிகளை எரிச்சல்படுத்தியதும் இதுதான். வீரம் எங்கே என்று கேட்டார்கள். 1939இல் தாயையும் பிள்ளையையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மேலே எழும்பும் கழுகு ஒன்றைச் செதுக்கினார்கள். 1949இல் கழுகு போய் தாய் திரும்பி வந்தாள்.

அங்கிருந்து நடந்தே டாம்டோர் ரயில் நிலையம் பக்கம் போனோம். பார்லாக் சிற்பத்துக்குப் பதிலடியாக 1936இல் வைத்த சின்னம் இன்னும் அங்கே இருக்கிறது. பெரிய கல் கட்டி. அதைச் சுற்றி அச்சில் வார்த்ததுபோல ஒரே முகத்தோடு சிப்பாய்கள் அணிவகுத்துப் போகிறார்கள். மேலே, நாங்கள் சாக நேர்ந்தாலும் ஜெர்மனி வாழ வேண்டும் என்ற வரி.

"அண்ணே, நான் தினம் இந்த வழியாத்தான் ஆபீஸ் போறேன். ஏதோ பழைய பங்கர்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான் தம்பி.

இதை இடிக்கலாமா வேண்டாமா என்று பல காலம் சண்டை நடந்து, கடைசியில் 1980களில் ஆஸ்திரியச் சிற்பி ஆல்ஃபிரட் ஹர்ட்லிக்காவை அழைத்துப் பக்கத்திலேயே ஓர் எதிர்ச்சின்னம் எழுப்பச் சொன்னார்கள். அது முடியாமல் பாதியில் நின்றுபோயிற்று. ஒரு நகரத்துக்குள் இவ்வளவு வாக்குவாதம் கல்லில் நடந்திருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

செவ்வாய், வேடல், ஜெனிஷ் பூங்கா

ஒரு பயணக் குறிப்பு: ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நேற்று வெளியில் நிற்பவற்றை மட்டும் பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

எஸ்1 புறநகர் ரயிலின் கடைசி நிறுத்தம் வேடல். எல்பே ஆற்றங்கரையில் சிற்றூர். பார்லாக் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அப்பா ஊர் மருத்துவர். குழந்தைக்கு நினைவு தெரியும் முன்பே குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டதால் இங்கே பார்லாக்கின் சாயல் அதிகம் இல்லை. வந்த வேலை சீக்கிரம் முடிந்ததால் ஆற்றங்கரைக்குப் போனேன். கடலிலிருந்து வரும் பெரிய கப்பல்களுக்கு அந்தந்த நாட்டுத் தேசிய கீதம் வாசித்து வரவேற்பு கொடுக்கும் இடம் அங்கே உண்டு. ஒரு சரக்குக் கப்பல் வந்தது, கீதம் ஒலித்தது, கப்பல்காரர்கள் யாரும் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் க்ளைன் ஃப்ளாட்பெக்கில் இறங்கி ஜெனிஷ் பூங்காவுக்குள் நடந்தால் எர்ன்ஸ்ட் பார்லாக் இல்லம். ஹெர்மன் ரீம்ட்ஸ்மா என்ற சிகரெட் முதலாளி சேர்த்தவற்றுக்காக எழுப்பிய கட்டடம், 1962இல் திறந்தது. நாஜி ஆட்சியில் நன்றாகவே வியாபாரம் செய்த குடும்பம் அது. அதே ஆட்சி விரட்டிய கலைஞனுக்குச் சோறு போட்டதும் அவர்தான். இந்தக் கதையில் முழு நல்லவனும் கெட்டவனும் கிடைப்பது அரிது. கூஸ்ட்ரோவில் இது இன்னும் மோசமாகும்.

நான் நெடுநேரம் நின்றது 'செவிசாய்ப்போர் வரிசை' முன்னால். ஒன்பது ஓக் மர உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மீட்டர் உயரம். பார்வையற்றவர், வழிப்போக்கர், நடனமாடுபவள், யாத்திரை போகிறவள், இப்படி. எல்லோரும் எதையோ கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பேத்தோவனுக்கு நினைவுச்சின்னம் என்று 1920களில் தோன்றிய யோசனை இது. அது நடக்காமல் போக, டில்லா டூரியோ என்ற நடிகையின் இசைக்கூடத்துக்கென்று வேலை மாறியது. மூன்று உருவம் முடிந்த நிலையில் டூரியோவின் கணவரின் தொழில் நொடித்து, கணவரும் கைதாகி, வேலை நின்றது. 1934இல் ரீம்ட்ஸ்மா வந்து மிச்சத்தையும் முடிக்கச் சொன்னார். 1935இல் முடிந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தால் உளி பட்ட தடம் ஒவ்வொன்றும் தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுப்பவே இல்லை. முகத்தில் தடம் சின்னது, நெருக்கமானது. அங்கியில் அகலமானது, நீளவாக்கில் இழுத்தது. மேலிருந்து கீழே ஒரே வீச்சில் விழும் அங்கியில் மடிப்பு இரண்டோ மூன்றோதான். அதற்குள் உடம்பு இருப்பதே கழுத்துக்கு மேலும் மணிக்கட்டுக்குக் கீழும்தான் தெரிகிறது. ஜன்னல் பக்கம் இருந்து வெளிச்சம் வந்தபோது, செதுக்கு முகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அதை வாங்கின. பளபளப்பாக இழைத்த மரத்தில் இது நடக்காது.

புதன், ராட்ஸெபுர்க், லூபெக்

மழைத் தூறல். ராட்ஸெபுர்க் ஏரிக்கு நடுவில் தீவு ஊர். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் பேருந்து பிடிக்க வேண்டும். 1876இல் பார்லாக் குடும்பம் இங்கே வந்தது. அப்பாவுடன் நோயாளிகளின் வீடுகளுக்கு மகனும் போவான். 1884இல் அப்பா இறந்தபோது அவனுக்கு 14 வயது. அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

அவர் வாழ்க்கையில் என்னை வியக்க வைப்பது தொடக்க காலம். ஹாம்பர்க்கில் படிப்பு, டிரெஸ்டன் கலைக்கழகத்தில் படிப்பு, பாரிஸில் சிறிது காலம், ஒரு மண்பாண்டத் தொழிற்பள்ளியில் ஆசிரியர் வேலை. 36 வயது வரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அமையவில்லை. 1906இல் தெற்கு ரஷ்யாவில் வேலையில் இருந்த தம்பியைப் பார்க்கப் போனார், சுமார் இரண்டு மாதம். பரந்த வெறும் நிலம், அதில் முக்காட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரிகள், குடியானவர்கள். திரும்பி வந்து அந்தப் பிச்சைக்காரியைச் சுடுமண்ணில் செய்தார். அதிலிருந்து பார்லாக் பார்லாக் ஆனார். அடுத்த ஆண்டே பெர்லின் ஓவிய வணிகர் பால் காசிரர் மாதாமாதம் பணம் தர முன்வந்தார். ரஷ்யாவில் இருந்தபோதே பெர்லினில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். திருமணம் ஆகவில்லை. குழந்தையின் தாயோடு வழக்காடிப் பிள்ளையை வாங்கி, தன் அம்மாவிடம் கொடுத்து வளர்த்தார். அந்தத் தாயின் பக்கத்தை எந்த அருங்காட்சியகமும் அதிகம் பேசுவதில்லை.

பார்லாக்கின் கல்லறை தீவுக்கு வெளியே, இடுகாட்டில், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில். கூஸ்ட்ரோவில் 28 ஆண்டு வாழ்ந்தும், தன் விருப்பப்படி இங்கே வந்து சேர்ந்தார். மேலே 'பாடும் மடத்து மாணவன்' சிற்பத்தின் பிரதி நிற்கிறது.

அந்த மாணவனின் மூலத்தை மாலையில் லூபெக்கில் பார்த்தேன். புனித கேத்தரீன் தேவாலயத்தின் செங்கல் முகப்பில் மாடங்கள் காலியாகக் கிடந்தன. அருங்காட்சியக இயக்குநர் கார்ல் கேயோர்க் ஹைஸே, அவற்றை நிரப்பப் பார்லாக்கிடம் 16 உருவங்கள் கேட்டார். மூன்றுதான் முடிந்தன: காற்றில் நிற்கும் பெண், ஊன்றுகோல் பிச்சைக்காரர், பாடும் மாணவன். 1933இல் ஹைஸேயின் வேலை போயிற்று, திட்டமும் போயிற்று. போர் முடிந்து 1947இல்தான் மூன்றும் மாடத்தில் ஏறின. அதே வரிசையில் மேலும் ஆறு உருவங்களைச் சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் செய்தார். மார்க்ஸின் வேலையும் நல்ல வேலைதான், ஆனால் அந்தப் பிச்சைக்காரருக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது அவற்றின் துரதிருஷ்டம். குச்சிகளில் தொங்கும் தோள்களுக்கு மேலே அண்ணாந்த முகம், பிச்சை கேட்கும் முகமாகவே இல்லை.

லூபெக் போனால் மார்சிபான் வாங்காமல் வராதீர்கள் என்று பலரும் சொன்னார்கள். வாங்கினேன். பாதாம் பர்ஃபியில் சர்க்கரை தூக்கல். அவ்வளவே.

வியாழன், கூஸ்ட்ரோ

லூபெக்கிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருந்தால் இது போன்ற வட்டார ரயில்களுக்குத் தனியாகப் பணம் வேண்டாம், விரைவு ரயிலில் மட்டும் ஏறக்கூடாது.

1910இல் பார்லாக் இங்கே குடியேறினார். 1914இல் போர் மூண்டபோது அவரும் ஊரோடு சேர்ந்து ஆர்ப்பரித்தவர்தான். வாளை ஓங்கிக்கொண்டு முன்னால் பாயும் 'பழிவாங்குபவன்' அந்த மாதங்களில் செய்தது. பிறகு படையில் சேர்க்கப்பட்டுச் சில மாதங்களில் விடுவிக்கப்பட்டார். ஊர்ப் பிள்ளைகளின் சாவுச் செய்தி வரிசையாக வந்தது. அதற்கப்புறம் அவர் வாளை ஓங்கவில்லை.

பேராலயம் 1226இல் நிறுவப்பட்டது, செங்கல் கட்டடம். உள்ளே போனதும் தூண்களில் கிளவுஸ் பேர்க் செதுக்கிய பன்னிரண்டு மரத் திருத்தூதர்கள், 16ஆம் நூற்றாண்டு. வடக்குப் பக்கம் திரும்பினால், மிதக்கும் உருவம்.

வெண்கலம். இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். கூரையிலிருந்து கிடைமட்டமாகத் தொங்குகிறது. குப்புறப் படுத்த வாக்கில், தலையை மட்டும் நிமிர்த்தியிருக்கிறது. கைகள் மார்பில் குறுக்கே கட்டியிருக்கின்றன. அங்கி ஒரு பலகையைப்போல விறைத்து நீண்டு கிடக்கிறது. இறக்கை கிடையாது, ஆனாலும் எல்லோரும் தேவதை என்கிறார்கள். கண் மூடியிருக்கிறது, வாயும் அழுந்த மூடியிருக்கிறது. அது கேத்தே கோல்விட்ஸின் முகம். நான் நினைத்துச் செய்யவில்லை, தானாக வந்துவிட்டது என்று பார்லாக் சொல்லியிருக்கிறார். கோல்விட்ஸும் சிற்பி, ஓவியர். இளைய மகன் பேட்டரை 1914 அக்டோபரிலேயே போரில் இழந்தவர். போர்க்காலத்தில் காலமே அசையாமல் நின்றுவிட்டது, பூமியில் எதனோடும் ஒட்டாமல் மிதந்தது, அதைத்தான் செய்ய நினைத்தேன் என்பது பார்லாக் தந்த விளக்கம். 1927இல், பேராலயத்தின் 700ஆம் ஆண்டை ஒட்டி மாட்டினார்கள். பொருள் செலவுக்கு மேல் அவர் கூலி வாங்கவில்லை.

1937 ஆகஸ்டில் தேவாலய நிர்வாகமே கழற்றிக் கொடுத்தது. பிறகு போர்த் தளவாடத்துக்காக உருக்கிவிட்டார்கள். போரில் செத்தவர்களின் சின்னம் அடுத்த போருக்கு உலோகம் ஆயிற்று. இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஆனால் வார்ப்பு மாதிரி பெர்லின் பட்டறையில் பத்திரமாக இருந்தது. பார்லாக் இறந்த மறு ஆண்டு நண்பர்கள் ரகசியமாக இன்னொன்று வார்த்து, லூனெபர்க் பக்கம் ஒரு கிராமத்தில் ஒளித்து வைத்தார்கள். போரில் மாதிரி அழிந்துபோனது, ஒளித்தது பிழைத்தது. அது இருப்பது கொலோனில், மேற்கு ஜெர்மனியில். கூஸ்ட்ரோவோ கிழக்கில். ஆகவே கொலோன் உருவத்தில் அச்சு எடுத்து மூன்றாவதாக ஒன்று வார்த்து, 1953இல் இங்கே கொடுத்தார்கள். நான் இன்று பார்த்தது அதைத்தான்.

இந்த உருவத்தின் கீழே நடந்த இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். 1981 டிசம்பர் 13. மேற்கு ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட், பார்லாக் என்றால் உயிர், கிழக்கு ஜெர்மன் தலைவர் ஹோனெக்கருடன் இந்த ஊருக்கு வந்தார். அன்று காலைதான் போலந்தில் ராணுவச் சட்டம் வந்திருந்தது. ஷ்மிட்டைப் பார்த்து மக்கள் ஆரவாரம் செய்துவிடக் கூடாதென்று ஊர்க்காரர்களை வீட்டுக்குள் அடைத்துவிட்டு, கிறிஸ்துமஸ் சந்தையில் பொதுமக்களாக உளவுத்துறை ஆட்களையே நிறுத்தினார்கள். இரண்டு தலைவர்களும் பேராலயத்துக்குள் வந்து இந்த உருவத்தைப் பார்த்தார்கள். ரயில் கிளம்பும்போது ஹோனெக்கர் ஜன்னல் வழியாக ஷ்மிட்டுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். உலகம் முழுக்க வந்த படம் அந்த மிட்டாய்தான்.

வெள்ளி, கூஸ்ட்ரோ

ஊருக்கு வெளியே ஏரியோரம் ஹைட்பெர்க். 1930–31இல் கட்டிய பட்டறை வீடு. உயரமான கூடம், பெரிய ஜன்னல். கட்டி முடித்து நிம்மதியாக வேலை பார்த்தது இரண்டு ஆண்டு இருக்குமா?

1933 பிப்ரவரியில் அவருக்கு 'பூர் லெ மெரிட்' என்ற உயரிய ஜெர்மன் விருது கிடைத்தது. அதே ஆண்டு எதிர்ப்பும் தொடங்கியது. யூதர், கம்யூனிஸ்ட் என்று ஊரில் புரளி. 1936இல் அவர் ஓவியத் தொகுப்பைப் பறிமுதல் செய்தார்கள். 1937இல் பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து விலகச் சொன்னார்கள். ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய வேலைகள் நூற்றுக்கணக்கில் பறிமுதல் ஆயின. 'சீரழிந்த கலை' என்று ஏளனம் செய்ய மியூனிக்கில் நடத்திய கண்காட்சியில் கிறிஸ்துவும் தோமாவும் சந்திக்கும் சிற்பம் வைக்கப்பட்டது.

இடையில் 1934 ஆகஸ்டில், ஹிட்லரை ஆதரித்து வெளியான கலைஞர்கள் அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. பயமா, கணக்கா, விட்டால் போதும் என்ற எண்ணமா? கையெழுத்து போட்டும் அவரை விடவில்லை என்பது தெரிந்த கதை. அவரை மாவீரராகக் காட்டும் புத்தகங்களைப் படிக்கும்போது இந்தத் தாள் எனக்கு நினைவுக்கு வரும். வெளிநாடு போயிருக்கலாம், போகவில்லை. போராடியிருக்கலாம், அதுவும் இல்லை. கொட்டாப்புளியும் உளியுமாக இங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வீட்டில் பேர்ன்ஹார்ட் போமர் இருந்தார். அவருடைய முன்னாள் மனைவி மார்காதான் பார்லாக்கின் துணைவி. இந்தப் போமர், பறிமுதல் செய்த ஓவியங்களையும் சிற்பங்களையும் விற்றுத் தர நாஜி அரசு அமர்த்திய நான்கு வணிகர்களில் ஒருவர். அந்தப் பதவியால் காசு பார்த்தார். அந்தப் பதவியை வைத்தே பார்லாக்கின் சிற்பங்கள் பலவற்றை உலைக்குப் போகாமல் காப்பாற்றினார். ரகசிய வார்ப்பிலும் அவர் கை உண்டு. 1945 மே மாதம் சோவியத் படை ஊருக்குள் வந்தபோது தற்கொலை செய்துகொண்டார். இவருக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா? எனக்கு விளங்கவில்லை. வழிகாட்டிப் பலகை எழுதியவருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது, தேதிகளோடு நிறுத்திக்கொண்டார்.

1938 அக்டோபர் 24 அன்று ரோஸ்டாக் மருத்துவமனையில் பார்லாக்கின் இதயம் நின்றது. உடலை இந்தக் கூடத்தில்தான் வைத்தார்கள். கோல்விட்ஸ் வந்து, சவப்பெட்டியில் கிடந்தவரை வரைந்துகொண்டு போனார். பிறகு தன் முகத்தையே சின்ன வெண்கலப் புடைப்பாகச் செய்தார், ஒரு கையால் கண்ணையும் மறு கையால் வாயையும் பொத்தியபடி. 'புலம்பல்' என்று பெயர்.

ஊருக்குள் திரும்பி கெர்ட்ரூட் சிற்றாலயத்துக்குப் போனேன். பார்லாக் பட்டறையாக்க ஆசைப்பட்ட இடம். 1953 முதல் அவர் அருங்காட்சியகம். மார்கா அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே எளிமையாக வாழ்ந்தார். பெரிய பட்டறை வீட்டைவிட மரச்சிற்பங்களுக்கு இந்தப் பழைய சுவர்கள்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

சனி, மாக்டெபுர்க்

பயணம் முழுவதிலும் என்னை உலுக்கியது இதுதான். பேராலயத்துக்குள், 1929இல் வைத்த ஓக் மரச் சின்னம். மேலே மூன்று சிப்பாய்கள் நெருக்கி நிற்கிறார்கள். நடுவில் இருப்பவன் தலையில் கட்டு. அவன் பிடித்திருக்கும் சிலுவையில் போர் ஆண்டுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. கீழே மார்பளவில் மூன்று பேர்: முக்காட்டுக்குள் கைகளை இறுக்கிக்கொண்டிருக்கும் பெண், தலைக்கவசம் போட்ட எலும்புக்கூடு, நச்சுவாயு முகமூடி மார்பில் தொங்க இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள். மேலே நிற்பவர்கள் இடுப்பளவு மண்ணில் புதைந்திருப்பது போலவும், கீழே உள்ளவர்கள் அந்த மண்ணுக்குள்ளேயே இருப்பது போலவும் எனக்குத் தோன்றியது. போர்ச்சின்னம் என்ற பெயரில் எலும்புக்கூட்டை வைக்க 1929இல் என்ன துணிச்சல்!

1934இல் எடுத்துவிட்டார்கள். பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக் கிடங்குக்குப் போய், பிறகு போமர் கைக்கு வந்து பிழைத்து, 1950களில் இங்கே திரும்பியது. 1989 இலையுதிர் காலத்தில் கிழக்கு ஜெர்மன் அரசை எதிர்த்துத் திங்கள்தோறும் இந்தப் பேராலயத்தில் பிரார்த்தனைக் கூட்டம் நடந்தபோது, மக்கள் கூடி நின்றதும் மெழுகுவத்தி ஏற்றியதும் இந்தச் சிற்பத்தின் முன்தான்.

திங்கள், கொலோன்

ஞாயிறு ரயிலிலேயே கழிந்தது. ஷில்டர்காஸே கொலோனின் முக்கியக் கடைத்தெரு. துணிக்கடைகளுக்கு நடுவில் அந்தோனியர் தேவாலயம். வெளியே பை தூக்கிய கூட்டம், உள்ளே நாலைந்து பேர். வடக்குப் பக்கத்தில் அதே உருவம், அதே முகம், 1939 வார்ப்பு. 1952 முதல் இங்கே தொங்குகிறது. கீழே கிடக்கும் கல்லில் கூஸ்ட்ரோவில் 1914–1918 மட்டும். இங்கே 1939–1945உம் சேர்ந்திருக்கிறது. கூஸ்ட்ரோவில் உயரமான கூடத்தில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். இங்கே இடம் குறுகல், முகம் கிட்டத்தில் வருகிறது, மூக்கின் ஓரம் கோடுகூடத் தெரிகிறது. முதலில் கொலோன், பிறகு கூஸ்ட்ரோ என்று போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கீல் நகரம் விட்டுப்போயிற்று. அங்கே நிக்கோலாய் தேவாலயத்துக்கு வெளியே பார்லாக்கின் மிகப் பெரிய வெண்கலம் இருக்கிறது: மிருகத்தின் மேல் வாளை நிமிர்த்திப் பிடித்து நிற்கும் தேவதை, 1928. அதையும் 1937இல் எடுத்து அறுத்துத் துண்டாக்கினார்கள். துண்டுகள் தப்பின, பற்றவைத்து 1954இல் திரும்ப நிறுத்தினார்கள். ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். கீல் போக நேரமில்லாதவர்கள் பெர்லினில் கெத்சமனே தேவாலயத்துக்கு வெளியே அதன் பிரதியைப் பார்க்கலாம்.